குத்தும் வேணும், குரலும் தெளியணும்: ஹெட்போன் பேஸைச் சரிசெய்யும் வழி

"பேஸ் பத்தல", அதாவது பாட்டின் தாழ்ந்த அடி ஒலி போதவில்லை என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கும்மென்று வேண்டுமா, குத்த வேண்டுமா? இரண்டும் வேறு வேறு. கும்மென்று இருப்பது ஒலி அடியில் தேங்கி நிற்பது. குத்து என்பது டிரம் விழுந்த நொடியில் நெஞ்சில் ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே ஒதுங்கிக்கொள்வது, ஒதுங்கிய அந்த இடைவெளியில் பாடுகிறவரின் மூச்சு நமக்குக் கேட்பது. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது இரண்டாவது, ஆனால் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) எல்லோரும் ஏற்றுவது முதலாவதை.

போன மாதம் அக்கா மகன் தன் இயர்போனை என் கையில் திணித்து, "மாமா, இதுல பீட்டே கேக்க மாட்டேங்குது, வேற வாங்கிக் குடுங்க" என்றான். வாங்கிப் பார்த்தேன். போனில் பேஸ் பூஸ்ட் முழுசாக ஏற்றியிருந்தது, அதற்கு மேல் ஈக்வலைசரில் முதல் இரண்டு கோடுகளும் உச்சியில் நின்றன. போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஒரு குரல். எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, பெட்டியில் தொடாமல் கிடந்த பெரிய இயர்டிப்பை (காதுக்குள் போகும் மெத்தென்ற முனை) எடுத்து இடது பக்கம் மட்டும் மாற்றி, அதே பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். பத்து விநாடி பேசாமல் இருந்தான். "இந்த டிரம் இதுக்கு முன்னாடி இருந்துச்சா?" என்றான். புதுசு வாங்கும் பேச்சு அன்றோடு முடிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் ஈக்வலைசர் பின்னால்தான் வரும். வரிசையை மாற்றாதீர்கள், முந்தைய படியில் உள்ள ஓட்டையை அடுத்த படியால் அடைக்க முடியாது.

முதல் வேலை, காதை அடைப்பது

இயர்போனுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தகடு பேஸ் தருவது காதுக்குள் அடைபட்ட கொஞ்சம் காற்றை அழுத்தித்தான். அந்தக் காற்று வெளியே கசிந்தால் கீழ் ஒலி அத்தனையும் கசிந்துவிடும், மேல் ஒலி மட்டும் மிஞ்சும். அப்போது பாட்டு மெலிந்து, 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறும். மட்டமான இயர்போன் என்று மக்கள் தூக்கி எறிவதில் பல இந்தக் கசிவால் கெட்ட பேர் வாங்கினவைதான்.

சோதிப்பது சுலபம். யூட்யூபில் 40 ஹெர்ட்ஸ் டோன் (விநாடிக்கு 40 முறை அதிரும் ஆழமான ஒற்றை ஒலி) என்று தேடி, வால்யூமைக் குறைவாக வைத்துப் போடுங்கள். இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி திடீரென்று பெருத்தால் உங்கள் டிப் சரியாக அடைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் அந்தப் பக்கம் மட்டும் அளவை மாற்றுங்கள். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, இடதுக்கு பெரியதும் வலதுக்கு நடுத்தரமும் போடுவது சாதாரணம். மாட்டும்போது எதிர்க் கையால் தலைக்குப் பின்னாலிருந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, டிப்பை உள்ளே விட்டு, அப்புறம் மடலை விடுங்கள். துளை நேராகி, டிப் முழுசாக உட்காரும்.

சிலிக்கான் டிப் எதுவுமே பொருந்தாதவர்கள் ஃபோம் டிப் வாங்கிப் பாருங்கள். விரலால் உருட்டி ஒடுக்கி உள்ளே வைத்தால் காதுக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும். மேல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அது தெரிந்தே வாங்குங்கள். நம் ஊர் வியர்வைக்குச் சில மாதங்களில் நைந்தும் போகும்.

காதை மூடும் பெரிய ஹெட்போனில் கசிவு வேறு இடத்தில் வரும். கண்ணாடிக் காம்பு, காதோர முடி, தோல் உரிந்த பஞ்சு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே 40 ஹெர்ட்ஸைக் கேளுங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பஞ்சு உறை உரிந்து கருப்புத் துகள் கழுத்தில் ஒட்டுகிற நிலைக்கு வந்திருந்தால் பஞ்சை மாற்றுங்கள். ஆனால் தோல் பஞ்சுக்குப் பதில் துணி போன்ற வெல்வெட் பஞ்சு போட்டால் காதுக்கு இதமாக இருக்கும், பேஸ் குறையும். துணி வழியே காற்று போகும் அல்லவா, அதே கணக்குதான்.

ஒயரும் போனும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3.5 மில்லிமீட்டர் பின்னைக் கடைசிவரை அழுத்தினீர்களா என்று பாருங்கள். போன் உறை தடிமனாக இருந்து பின் பாதியில் நின்றால், இரண்டு இயர்போனுக்கும் பொதுவான தரை இணைப்பு விட்டுப்போய் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடலில் குரலும் பேஸும்தான் பொதுவாக நடுவில் இருப்பவை, இரண்டும் காணாமல் போய் கோரஸும் எதிரொலியும் மட்டும் கேட்கும். முதல் தடவை கேட்கிறவருக்கு இயர்போன் செத்துவிட்டது என்றே தோன்றும்.

ஒயரைக் கழற்றி மாட்டுகிற, இரண்டு ஊசி வைத்த இயர்போன் என்றால் ஒரு பக்கம் தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி மாட்டினால் குரல் தலைக்கு நடுவில் நிற்காது, பேஸ் உள்ளே ஒன்றுமில்லாதது போலச் சிதறும்.

லேப்டாப்பில் புளூடூத் ஹெட்போன் போட்டுக் கேட்கும்போது பாட்டு திடீரென்று பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது என்றால், ஏதோ ஒரு செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறது. மைக் வேலை செய்யும்போது சாதாரண புளூடூத் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். மீட்டிங் செயலியில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஒலி திரும்பி வந்துவிடும்.

அப்புறம் எல்லா 'மேம்படுத்தும்' வசதிகளையும் அணையுங்கள். போனின் பேஸ் பூஸ்ட், சுற்றொலி, ஹெட்போன் கம்பெனி செயலியின் ஈக்வலைசர், பாட்டுச் செயலியின் ஈக்வலைசர், எல்லாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதுதான் தெளிவில்லாத மொத்தை ஒலிக்குப் பெரிய காரணம். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரும்பப் போடுவோம்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது

நான்கு பாட்டு போதும், ஆனால் நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். முதலில் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) தெளிவாக விழுகிற ஒரு குத்துப் பாட்டு. இரண்டாவது, பேஸ் கிட்டார் தனியாக நடந்து போகிற பாட்டு. 80களின் தமிழ்த் திரைப்பாடல்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. மூன்றாவது, ஆண் குரலும் வீணையோ கிட்டாரோ மட்டும் இருக்கிற அடக்கமான ஒன்று. நான்காவது, மிருதங்கத் தனி ஆவர்த்தனம்.

மிருதங்கத்தைச் சும்மா சேர்க்கவில்லை. அந்த ஒரே வாத்தியத்தில் நாம் தேடுகிற இரண்டும் இருக்கின்றன. இடது பக்கத்துத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள், அந்த எடையால்தான் அதற்கு அடி ஆழம். உள்ளங்கையைத் தேய்த்து விடும்போது ஒலி வளைந்து மேலே ஏறுமே, அந்தக் கும்கி உங்கள் பேஸ் எவ்வளவு தூரம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். வலந்தலையில் நடுவே கறுப்பாகப் பூசிய சோறு இருப்பதால் அந்தப் பக்கத்துக்குச் சுருதி சேர்ந்த கணீரென்ற நாதம் வருகிறது. சர் சி.வி. ராமன் 1920இலேயே இந்தச் சுருதி சேரும் தன்மையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இரண்டு கையும் சேர்ந்து விழும்போது வலந்தலையில் விரல் படும் சின்னச் சத்தம் தனியாகக் கேட்டால் உங்கள் ஒலி சரி. தொப்பி அதை விழுங்கிவிட்டால் பேஸ் அதிகம். நான் எந்த ஹெட்போனையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன், இதுவரை ஏமாந்ததில்லை.

பாட்டை அதிகாரபூர்வமான இடத்திலிருந்து கேளுங்கள். யாரோ 'பேஸ் பூஸ்டட்' என்று ஏற்றி வைத்ததில் குத்து ஏற்கெனவே நசுங்கியிருக்கும், நசுங்கியதை நிமிர்த்த ஈக்வலைசரால் ஆகாது.

ஈக்வலைசர்: எங்கே ஏற்றி எங்கே இறக்குவது

இப்போது விஷயத்துக்கு வருவோம். காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். அதில் 20 முதல் 60 வரை அதிர்வு, காதால் கேட்பதைவிட உடம்பால் உணர்வது. 60 முதல் 120 வரைதான் அடியின் உடம்பு, கிக் டிரம்மின் பலம் பெரும்பாலும் இங்கேதான். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்கினாலும் அதன் சுவை மேலே 200, 300, அதற்கு மேலும் பரவிக் கிடக்கும். ஆண் குரலின் அடிப்படை ஏறக்குறைய 85இல் தொடங்குகிறது. எல்லா வாத்தியங்களின் வயிறும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற இடம் 200 முதல் 350. மொத்தை பிறப்பது அங்கேதான். கிக் டிரம்மை அடிக்கிற கட்டையின் 'டக்' சத்தமோ 2000 முதல் 5000க்குள் இருக்கிறது. அந்த 'டக்' இல்லாமல் வெறும் 60 ஹெர்ட்ஸை ஏற்றினால் அடி எப்போது விழுந்தது என்றே காதுக்குத் தெரியாது, வெறும் உறுமல்தான்.

இதோடு இன்னொரு உண்மை: தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலியை மறைக்கும், உயர்ந்த ஒலி கீழே உள்ளதை அவ்வளவாக மறைக்காது. ஆகவே 250 ஹெர்ட்ஸில் தேவையில்லாமல் ஏற்றுகிற ஒவ்வொரு டெசிபெல்லும் (ஒலி அளவின் அலகு) குரலின் மேல் விழுகிற திரை. நுணுக்கம் போய்விட்டது என்று சொல்கிறோமே, அது எங்கும் போகவில்லை, மூடிக் கிடக்கிறது.

ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவும் 2010களில் பல பேரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லி, எந்த ஒலி பிடிக்கிறது என்று ஆராய்ந்து ஒரு வளைகோடு வரைந்தார்கள். அதில் பேஸ் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஆனால் ஏற்றம் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 200க்கு வரும்போது மேடு அநேகமாக அடங்கிவிடும். நாம் செய்யப்போவதும் அதேதான்.

விண்டோஸ் கணினி என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நிறுவும்போது எந்த ஹெட்போனுக்கு என்று கேட்கும், டிக் செய்துவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதன் மேல் பீஸ் என்ற முகப்பையும் போட்டுக்கொண்டால் புதியவர்களுக்குச் சுலபம். லினக்ஸில் ஈஸிஎஃபெக்ட்ஸ். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், அதில் ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களுக்குத் தயாரான திருத்தம் இருக்கிறது. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு மேலே போங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடலாம்.

இனி கைவைப்போம். முதலில் ப்ரீஆம்ப்பை, அதாவது ஈக்வலைசருக்குள் மொத்த ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, 5 டெசிபெல் குறையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இன்றைய பாட்டுகள் விளிம்புவரை தளும்பி நிற்கிற குடம் மாதிரி, டிஜிட்டல் உச்சவரம்பைத் தொட்டபடியே வரும். அதில் இன்னும் 4 டெசிபெல் ஊற்றினால் வழியத்தான் செய்யும், வழிவது கரகரப்பாகக் கேட்கும், அதுவும் சரியாக டிரம் விழும் நொடியில். முதலிலேயே குடத்தில் இடம் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்து லோ ஷெல்ஃப் ஒன்று போடுங்கள். 105 ஹெர்ட்ஸ், 4 டெசிபெல் ஏற்றம், க்யூ (மாற்றம் எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதற்கான எண்) 0.7. ஷெல்ஃப் என்பது மாடிப்படி மாதிரி, குறித்த இடத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே சீராகத் தூக்கும்.

பிறகு பீக் வகையில் ஒன்று, அதாவது குறித்த இடத்தைச் சுற்றி மட்டும் ஏற்றவோ இறக்கவோ செய்வது. 220 ஹெர்ட்ஸ், 2.5 டெசிபெல் இறக்கம், க்யூ 1. இந்த இறக்கத்தைத்தான் நான் ஏற்றத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன். பாட்டை ஓடவிட்டு இதை மட்டும் அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள், போடும்போது டிரம்முக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுகிற மாதிரி இருக்கும். குரல் மெலிந்து போனால், உதாரணமாக நம் ஆண் பாடகரின் நெஞ்சுக்குரல் தொண்டைக்குரல் ஆகிவிட்டால், 2.5ஐ 1.5 ஆக்குங்கள்.

இதற்கு அப்புறமும் அடி மழுங்கலாகவே இருந்தால் மட்டும் 3500 ஹெர்ட்ஸில் 1 அல்லது 1.5 டெசிபெல் ஏற்றுங்கள், க்யூ 1. அதற்கு மேல் வேண்டாம். பல மலிவு இயர்போன்களில் இந்த இடம் ஏற்கெனவே தூக்கலாகத்தான் இருக்கும், இன்னும் ஏற்றினால் அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

போனில் வெறும் ஐந்து கோடு ஈக்வலைசர்தான் இருக்கிறதா, கவலை வேண்டாம். பெரும்பாலும் அந்தக் கோடுகள் 60, 230, 910, 3600, 14,000 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 60ஐ 4 ஏற்றுங்கள், 230ஐ 2 இறக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். முதல் இரண்டு கோட்டையும் சேர்த்து ஏற்றுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, அக்கா மகன் செய்ததும் அதுதான். ஸ்பாட்டிஃபையில் ஆறு புள்ளி இருக்கும்: 60, 150, 400, 1000, 2400, 15,000. அங்கே 60ஐ ஏற்றி, 150ஐ அப்படியே விட்டு, 400ஐ ஒரு நூல் இறக்குங்கள். ஐபோனில் ஆப்பிள் மியூசிக்குக்கு இருப்பவை தயார் அமைப்புகள் மட்டுமே, நாமாகக் கோடு இழுக்க முடியாது. அங்கே ஸ்பாட்டிஃபை போன்ற செயலியின் உள் ஈக்வலைசர்தான் வழி.

ஒப்பிடும்போது வால்யூம் ஒன்றாக இருக்க வேண்டும்

எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லும். ப்ரீஆம்ப்பைக் குறைத்திருப்பதால் ஈக்வலைசர் போட்டதும் மொத்த ஒலி இறங்கும், உடனே "முன்னாடியே தேவலாம்" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். குரல் இரண்டிலும் ஒரே அளவு கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

வால்யூமுக்கும் பேஸுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. ஒலி குறையக் குறைய நம் காது பேஸைத்தான் முதலில் இழக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருக்குமே, குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுக்க வைத்தது அது. ஆகவே ராத்திரி மெல்லக் கேட்கும்போது ஷெல்ஃபை 6 வரை கொண்டு போகலாம், ப்ரீஆம்ப்பையும் அதற்கேற்ப 7 குறைத்துக்கொள்ளுங்கள். பகலில் சத்தமாகக் கேட்கும்போது 3 போதும்.

டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து எந்த அமைப்பையும் முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் உறுமல் பேஸை முழுக்க மூடிவிடும், நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள், வீட்டுக்கு வந்து கேட்டால் அண்டாவுக்குள் தலையை விட்டது போல இருக்கும். வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பாகச் சேமித்து வையுங்கள். பயணத்துக்கு உண்மையான தீர்வு நன்றாக அடைக்கிற டிப், அல்லது இரைச்சல் நீக்கும் ஹெட்போன். இரண்டும் உறுமலைக் குறைப்பதால் பேஸை ஏற்றவே தேவைப்படாது.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், எனக்கு இது பாட்டைவிட முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல்லுக்குப் போனால் அதுவே வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பேஸ் காதைக் குத்துவதில்லை என்பதால் சத்தம் ஏறியதே தெரியாது. கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு மறுபடி மாட்டாதீர்கள்.

எவ்வளவு செய்தும் வரவில்லை என்றால்

சில ஹெட்போன்களுக்கு ஒரு எல்லை உண்டு. முதுகு திறந்த ஹெட்போன்கள் பலவற்றில் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிந்துவிடும், திறந்த முதுகு வழியே காற்று போய்விடுவதால். அவற்றில் 6 டெசிபெல் ஏற்றுவது என்றால் நான்கு மடங்கு மின்திறன், தகடும் இரண்டு மடங்கு தூரம் ஆட வேண்டும். சின்னத் தகடு அவ்வளவு ஆட முடியாமல் கரகரக்கும். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியைப் போட்டுப் பாருங்கள், எங்காவது 'டர்ர்' என்று நடுங்கினால் ஷெல்ஃபை அந்த நடுக்கம் நிற்கும்வரை இறக்குங்கள். அதுதான் உங்கள் ஹெட்போனின் எல்லை.

அந்த எல்லைக்குள் உங்கள் மனசு நிறையவில்லை என்றால் அப்போது புதுசு வாங்குவதில் தப்பில்லை. காதை மூடுகிற, முதுகு மூடிய ஹெட்போன், அல்லது டைனமிக் டிரைவர் (காந்தமும் கம்பிச்சுருளும் தகட்டை ஆட்டும் வகை) வைத்த ஒயர் இயர்போன் பாருங்கள். பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், அந்த எக்ஸ்ட்ரா பல நேரம் 200 ஹெர்ட்ஸில்தான் உட்கார்ந்திருக்கும். கடையில் அவர்கள் போட்டுக் காட்டுகிற பாட்டையும் நம்ப வேண்டாம். உங்கள் நான்கு பாட்டையும் போனில் இறக்கி வைத்து, காதுக்குப் பொருந்துகிற டிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ஈக்வலைசரை அணைத்துவிட்டு மிருதங்கத்தை முதலில் போடுங்கள்.